கைவேலை கடையாகும்போது: கடிகாரப் பழுதுபார்ப்பை முன்வைத்து

நின்றுபோன ஓர் எச்எம்டி ஜனதா கைக்கடிகாரத்தைப் பிரித்து, கழுவி, எண்ணெய் வைத்து, மறுபடி ஓடவிடத் தெரிந்தவரைப் பார்த்து வீட்டாரும் நண்பர்களும் கேட்பது ஒன்றைத்தான்: "இவ்வளவு தெரியுதே, இதையே தொழிலாச் செஞ்சா என்ன?" நல்லெண்ணத்தோடு கேட்கப்படும் கேள்விதான். ஆனால் அதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. வேலை தெரியும், ஆசையும் உண்டு, இனி ஒரு பெயர்ப்பலகை மாட்ட வேண்டியதுதான் பாக்கி என்ற கணக்கு. வால்வு ரேடியோவானாலும் தையல் மெஷினானாலும் பழைய புல்லட்டானாலும் இதே கணக்குத்தான் போடப்படுகிறது. இது எவ்வளவு தூரம் சரி என்பதைக் கைக்கடிகாரத்தை வைத்துப் பார்க்கலாம். நம் ஊரில் கடிகாரத் தொழிலின் ஒரு தலைமுறை கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. அவர்கள் விட்ட இடத்தில் இப்போது வந்து உட்காருகிறவர்களில் பலர், மேசை விளக்கடியில் விளையாட்டாகக் கற்றவர்கள்.

அரசு நிறுவனமான எச்எம்டி, ஜப்பானின் சிட்டிசனோடு கூட்டுச் சேர்ந்து பெங்களூரில் கைக்கடிகாரத் தொழிற்சாலை தொடங்கியது 1961இல். மாப்பிள்ளைச் சீரிலும் பரீட்சையில் தேறிய பையனின் கையிலும் ஓய்வு பெறுகிறவரின் பாராட்டு விழாவிலும் அடுத்த முப்பது வருடம் அந்தக் கடிகாரங்கள்தான். அவற்றை நம்பிப் பஸ் ஸ்டாண்டு ஓரங்களில் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு கண்ணில் லென்ஸைக் கவ்விக்கொண்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். 1969 டிசம்பரில் செய்கோ தன் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டபோது அந்தக் கண்ணாடிப் பெட்டிகளுக்கு எதுவும் தெரிந்திருக்காது. 1984இல் டாட்டாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன் குவார்ட்ஸை வீட்டுக்கு வீடு கொண்டுபோன பிறகுதான் தெரிந்தது. குவார்ட்ஸில் பழுது என்றால் பெரும்பாலும் செல் மாற்றுவது. அதற்கு மேல் போனால் உள்ளே இருக்கும் இயந்திரத்தையே எறிந்துவிட்டு வேறொன்று வைப்பது. எச்எம்டி கைக்கடிகார நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை 2016 ஜனவரியில் ஒப்புதல் கொடுத்தது. மூடப்போகிறார்கள் என்ற செய்தி வந்த பிறகு பீரோவில் கிடந்த கடிகாரங்களுக்கு மதிப்பு வந்தது. அவற்றைத் தொடத் தெரிந்த ஆட்கள் அதற்குள் குறைந்துபோயிருந்தார்கள்.

ஆள் குறைந்தால் கூலி ஏற வேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. பழுதுபார்ப்பில் அது அவ்வளவு சுலபமாக நடப்பதில்லை. பொருளாதார அறிஞர்கள் வில்லியம் பாமோலும் வில்லியம் போவனும் நிகழ்த்துகலைகளின் வரவுசெலவை ஆராய்ந்து 1966இல் எழுதிய புத்தகத்தில் இதற்கான விளக்கம் இருக்கிறது. தொழிற்சாலையில் ஓர் ஆளின் உற்பத்தி வருடா வருடம் கூடுகிறது. நால்வர் வாசிக்க வேண்டிய இசையை இன்றும் நால்வர்தான் வாசித்தாக வேண்டும், அதே நேரம்தான் ஆகும். ஆக, கைநேரத்தை நம்பிய வேலைகள் மற்றவற்றை ஒப்பிடும்போது விலை கூடிக்கொண்டே போகும். கடிகாரத்துக்கு இது அப்படியே பொருந்தும். புதுக் கடிகாரம் சில நூறு ரூபாய்க்கு இறங்கிவிட்டது. பழைய கடிகாரத்தின் பேலன்ஸ் வீலை எடுத்து, கழுவி, அச்சு முனை கல்லுக்குள் உட்காரும்படி வைக்க 1965இல் எவ்வளவு நேரம் ஆனதோ அவ்வளவு நேரம் இப்போதும் ஆகும். பழுதுக்கூலிக்கு உச்சவரம்பு போடுவது பக்கத்துக் கடைக்காரர் இல்லை, புதுப் பொருளின் விலை.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். ஒரு சாவிக் கடிகாரத்தை முழுதாகப் பிரித்துச் சுத்தம் செய்ய 1,000 ரூபாய் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். மெயின் ஸ்பிரிங், எண்ணெய், கழுவும் திரவம் எல்லாம் சேர்த்து 200 போகட்டும். மேசையில் மூன்று மணி நேரம். வந்தவரோடு பேசுவது, உதிரிபாகம் தேடுவது, ஓட்டிப் பார்ப்பது, திருப்பிக் கொடுப்பது இவற்றுக்கு இரண்டு மணி நேரம். மணிக்கு 160 ரூபாய் நிற்கிறது. பத்தில் ஒன்று ஒரே மாதத்தில் "மறுபடி நின்னுடுச்சு" என்று திரும்பி வந்து இன்னும் ஐந்து மணி நேரம் தின்றால் மணிக்கு 145. எட்டு மணி நேரத்துக்கு 1,160. இதை அவரவர் ஊர்க் கொத்தனாரின் நாள்கூலியோடு வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். வாடகை, கரண்டு பில், கருவிக்குப் போட்ட முதல் எதையும் நான் இன்னும் கழிக்கவில்லை.

இந்த உச்சவரம்புக்கு வெளியே ஒரு வகைப் பொருள் உண்டு. தாத்தாவின் கடிகாரத்தைப் புதுக் கடிகாரத்தின் விலையோடு யாரும் ஒப்பிடுவதில்லை. சேகரிப்பாளரின் கடிகாரமும் அப்படியே. பொழுதுபோக்கிலிருந்து வருகிறவருக்குப் பிழைக்க வழி இங்கேதான் இருக்கிறது. செல் மாற்றுவதிலும் வார் மாட்டுவதிலும் அவர் பஸ் ஸ்டாண்டுக் கடையோடு போட்டி போட்டு ஜெயிக்கப்போவதில்லை. ஜெயித்தாலும் அந்த வேலைக்காக அவர் லென்ஸைக் கையில் எடுக்கவில்லை.

இந்த இடத்தில் சிலர் வெற்றிக்கதைகளை எடுத்து வைப்பார்கள். சோய்ச்சிரோ ஹோண்டா 1922இல் டோக்கியோவில் ஆர்ட் ஷோக்காய் என்ற மோட்டார் பழுதுக்கடையில் எடுபிடியாகச் சேர்ந்தவர். நம் கோவை ஜி.டி. நாயுடு மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டித் தொழில் கற்றவர் என்ற கதை தெரியாதவர் கொங்கு நாட்டில் உண்டா? கைல் வீன்ஸும் லூக் சூல்ஸும் 2003இல் கலிபோர்னியாவில் கல்லூரி விடுதி அறையில் கெட்டுப்போன ஒரு மடிக்கணினியைத் திறந்தார்கள். அதற்குக் கையேடு எங்கும் கிடைக்காத எரிச்சலில் பிறந்ததுதான் ஐஃபிக்ஸிட் நிறுவனம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இவர்களில் யாரும் பழுதுபார்த்துப் பணக்காரர் ஆகவில்லை. ஹோண்டா பிஸ்டன் வளையம் செய்யப் போனார், பிறகு வண்டியே செய்தார். நாயுடு பஸ் விட்டார், மோட்டார் செய்தார். வீன்ஸும் சூல்ஸும் உதிரிபாகமும் கருவியும் விற்றார்கள், பழுதுபார்க்கும் வழியை இலவசமாகவே எழுதி வெளியிட்டார்கள். இரண்டு கை, ஒரு நாளுக்கு இத்தனை மணி என்ற எல்லையைத் தாண்ட வேண்டுமானால் பழுதுபார்ப்பைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. பழுதுக்கடையிலேயே இருக்க விரும்புகிறவருக்கு இந்த உதாரணங்கள் வழிகாட்டாது.

வருமானம் கிடக்கட்டும், ஆசை என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வி. காசு வாங்கினால் ருசி போய்விடும் என்று சொல்பவர்கள் கைகாட்டுவது உளவியலாளர் எட்வர்ட் டெசியின் 1971ஆம் ஆண்டுச் சோதனையை. ஏழு மரத்துண்டுகளைச் சேர்த்து உருவங்கள் அமைக்கும் சோமா என்ற புதிரைக் கல்லூரி மாணவர்களிடம் கொடுத்தார். ஒரு பிரிவினருக்கு இடையில் ஒரு கட்டத்தில் மட்டும், அமைத்த ஒவ்வோர் உருவத்துக்கும் காசு. காசு நின்ற பிறகு, இஷ்டப்படி இருக்க விட்ட நிமிடங்களில் அவர்கள் புதிரைத் தொடுவது குறைந்தது. 1973இல் மார்க் லெப்பரும் உடனிருந்தவர்களும் பாலர் பள்ளிக் குழந்தைகளிடம் இதே விஷயத்தைப் பார்த்தார்கள். படம் வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட பிள்ளைகளுக்குப் பின்னாளில் வரைவதில் ஆர்வம் குறைந்தது. சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் பெற்ற பிள்ளைகளுக்குக் குறையவில்லை. இதையெல்லாம் ஜூடி கேமரனும் டேவிட் பியர்ஸும் 1994இல் மறுத்தார்கள். டெசியும் கூட்டாளிகளும் 1999இல் 128 ஆய்வுகளைத் தொகுத்து, எதிர்பார்த்து வாங்கும் பொருள்பரிசு ஆர்வத்தைக் குறைக்கிறது, வாய்ப்பாராட்டு கூட்டுகிறது என்று பதில் சொன்னார்கள்.

இந்தச் சண்டையில் எனக்குப் பயன்பட்டது காசைப் பற்றிய முடிவைவிட, அதன் அடியில் இருக்கும் காரணம். வேலையின் கடிவாளம் தன் கையில் இல்லை என்று தோன்றும்போதுதான் ருசி கெடுகிறது என்பது டெசியின் விளக்கம். கடிகார மேசையில் அந்தக் கடிவாளம் எப்போது கை மாறுகிறது? காசு வாங்கும் நிமிடத்தில் இல்லை. "வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம், அதுக்குள்ள வேணும்" என்ற வாக்கியத்துக்குத் தலையாட்டும் நிமிடத்தில். தேதியைத் தான் சொல்லும்வரை, எந்தக் கடிகாரத்தை எடுப்பது என்று தானே முடிவு செய்யும்வரை, வாங்கும் பணம் ஒன்றும் கெடுப்பதாகத் தெரியவில்லை.

மேத்யூ கிராஃபோர்ட் இதன் இன்னொரு முகத்தைக் காட்டுகிறார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் அரசியல் தத்துவத்தில் முனைவர் பட்டம் வாங்கி, வாஷிங்டனில் ஓர் ஆய்வு நிறுவனத்துக்குத் தலைமை தாங்கி, சில மாதங்களிலேயே அதை உதறிவிட்டு வர்ஜீனியாவின் ரிச்மண்டில் மோட்டார் சைக்கிள் பழுதுக்கடை வைத்தவர். 2009இல் அவர் எழுதிய புத்தகத்தில் எனக்குப் பிடித்த இடம், கடைக்காரருக்குள் நடக்கும் ஒரு தகராறு. பழுதின் வேர்வரை போய்ப் பார்க்கத் துடிக்கிற ஆர்வம் ஒரு பக்கம். அந்த ஆர்வத்துக்கு வண்டிக்காரரின் பர்ஸிலிருந்து காசு எடுக்கலாமா என்ற மனசாட்சி மறுபக்கம். பொழுதுபோக்கில் இந்தத் தகராறு கிடையாது. சொந்தக் கடிகாரத்தில் நான்கு ஞாயிற்றுக்கிழமை போனால் போகட்டும். அடுத்தவர் கடிகாரத்தில் எங்கே நிறுத்துவது என்பதே வேலையின் ஒரு பகுதி ஆகிவிடுகிறது.

அதனால்தான் சொல்கிறேன், கடை வைக்கிறவர் புதிதாகக் கற்க வேண்டியது பெரும்பாலும் வாய்வேலை. மேசைக்கு ஒரு கடிகாரம் வருவதைக் கிட்டத்திலிருந்து பார்த்தால் இது புரியும்.

வீட்டில் என்றால் கடிகாரம் கையில் வந்ததும் பின்மூடியைக் கழற்றிவிடலாம். கடையில் முதலில் மூடியைத் தொடவே கூடாது. கண்ணாடியில் எங்கெங்கே கீறல், முலாம் எங்கே போயிருக்கிறது, வாருக்கான கம்பி வளைந்திருக்கிறதா என்று கொண்டுவந்தவர் முன்னாலேயே பார்த்துச் சொல்லி, போனில் படம் எடுத்து, நோட்டில் எழுத வேண்டும். பிறகு சாவி. மெதுவாகத் திருகும்போது முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டே போனால் மெயின் ஸ்பிரிங் அறுந்திருக்கலாம், அல்லது பிடிக்காமல் வழுக்கலாம். இறுகி நின்று, ஆனாலும் ஓடவில்லை என்றால், "சாவி ஓவரா குடுத்துட்டேன் சார்" என்று கொண்டுவந்தவரே குற்றத்தை ஒப்புக்கொள்வார். பாவம், அவர் மேல் தப்பில்லை. நல்ல நிலையில் இருக்கும் கடிகாரம் முழுச் சாவியில் நன்றாகவே ஓடும். நின்றதற்குக் காரணம் காய்ந்த எண்ணெயும் தூசியும், அல்லது கீழே விழுந்து உடைந்த பேலன்ஸ் அச்சு. எது என்று அறிய, கடிகாரத்தைக் கிடையாக வைத்து மணிக்கட்டால் லேசாக ஒரு சுழற்றல். நாலைந்து முறை டிக்கிட்டு நின்றால் அழுக்கு. சத்தமே இல்லையென்றால் அச்சு முனைமீது சந்தேகம் போகும். அந்த முனையின் தடிமன் மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். சாவியை வெளியே இழுத்து முள்ளைத் திருப்பும்போது முள் தொளதொளவென்று வந்தால் அதற்கும் ஒரு குறிப்பு. இவ்வளவும் ஆன பிறகே மூடி. மூடியின் உட்புறத்தில், முன்பு வேலை பார்த்தவர்கள் ஊசியால் கீறி வைத்த தேதிகளும் அவர்களுக்கு மட்டுமே புரியும் குறிகளும் சில சமயம் இருக்கும். கடைசியாக எண்ணெய் பார்த்தது எந்த வருடம் என்று அதிலிருந்தே தெரிந்துவிடும்.

இப்போது விலை சொல்ல வேண்டும். உள்ளே எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்காமல், பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும், எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கழுவி எண்ணெய் வைத்தால் இவ்வளவு, அச்சு போயிருந்தால் இவ்வளவு, இதற்கு மேல் போனால் கேட்டுவிட்டுத்தான் தொடுவேன் என்று மூன்று படியாகச் சொல்லத் தெரிந்தவருக்குப் பிற்பாடு வரும் சண்டையில் முக்கால்வாசி வராது. இதை எந்த வீடியோவும் கற்றுக்கொடுப்பதில்லை. மணிக்கு 18,000 துடிப்பு இருக்கிறதா, கிடை நிலையில் பேலன்ஸ் வீலின் வீச்சு 270 பாகையாவது வருகிறதா என்று எண்ணாகக் காட்டும் மெஷின் இன்று விலைக்குக் கிடைக்கிறது. "இது செய்ய வேண்டாம், அப்படியே நினைவாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வதற்கு மெஷின் கிடையாது.

மறுக்கத் தெரிவதில் மேலும் சில நுட்பங்கள் உண்டு. இணையத்தில் பளபளவென்று வாங்கிய கடிகாரத்தை ஒருவர் கொண்டுவந்து "ஒரிஜினல் டயல்" என்பார். பழைய இயந்திரத்தின் மேல் புதிதாக வரைந்த டயலை வைத்து விற்கும் அந்த வகைக்குச் சேகரிப்பாளர்கள் வைத்த பெயர் 'மும்பை ஸ்பெஷல்'. உண்மையைச் சொன்னால் வந்தவர் முகம் வாடும். சொல்லாவிட்டால் நாளை அந்தப் பொய்யில் இவருக்கும் பங்கு வந்துவிடும். இன்னொன்று உடம்பைப் பற்றியது. 1960களுக்கு முந்தைய சில கடிகாரங்களின் முள்ளிலும் எண்களிலும் ரேடியம் கலந்த பூச்சு இருக்கும். அது இருட்டில் ஒளிர்வதை எப்போதோ நிறுத்தியிருக்கும், ஆனால் ரேடியத்தின் அரை ஆயுள் ஏறக்குறைய 1,600 வருடம். சுரண்டினால் தூள் மூச்சில் போகும். சொந்தச் சேகரிப்பில் அப்படி ஒன்று வேண்டாம் என்று ஒதுங்கிக்கொள்ளலாம். கடை திறந்துவிட்டால் யார் எதைக் கொண்டுவந்து நீட்டுவார் என்று தெரியாது.

உதிரிபாகம் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எச்எம்டிக்கு ஒரு கடிகாரத்தைக் கொன்று இன்னொன்றைப் பிழைக்க வைக்கிறார்கள். பல சுவிஸ் நிறுவனங்கள் தாங்கள் அங்கீகரித்த மையங்களுக்கு வெளியே பாகம் தருவதில்லை. பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் ஒரு நெறிமுறை கொண்டுவந்தது. நம் நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் குழு அமைத்தது. இரண்டிலும் பேச்சு அதிகம் வீட்டுச் சாதனம், கைப்பேசி, வாகனம் பற்றியது. கைக்கடிகாரக்காரர் அதை நம்பிக் கடை போட வேண்டாம்.

இனி வாடிக்கையாளரின் நம்பிக்கைக்கு வருவோம். பொருளாதார அறிஞர்கள் மைக்கேல் டார்பியும் எடி கார்னியும் 1973இல் எழுதிய ஒரு கட்டுரை, பழுதுபார்ப்பை ஒரு தனி வகைச் சரக்காகப் பிரித்தது. மாம்பழத்தைத் தின்றால் இனிப்பா புளிப்பா என்று தெரிந்துவிடும். பழுது சரியான பிறகும், மாற்றிய பாகத்தை மாற்றத்தான் வேண்டியிருந்ததா என்று காசு கொடுத்தவருக்குத் தெரியாது. ஏமாற்ற இவ்வளவு தோதான இடம் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதை ஆஸ்திரியாவில் ருடால்ஃப் கெர்ஷ்பாமரும் உடனிருந்தவர்களும் சோதித்து 2016இல் வெளியிட்டார்கள். ஒரே மாதிரிப் பழுதைத் தாங்களே உண்டாக்கிய கணினிகளைக் கடைகளுக்குக் கொண்டுபோனார்கள். பில் தொகையைக் காப்பீடு கொடுத்துவிடும் என்று போகிறபோக்கில் சொன்ன இடங்களில் பில் சராசரியாக 80 சதவீதத்துக்கும் மேல் ஏறியது.

பொழுதுபோக்கிலிருந்து வந்தவருக்கு இங்கே ஒரு சாதகம் உண்டு. பிரிக்கும்போது படம் எடுப்பது அவருக்கு ஏற்கனவே பழக்கம். திரும்பப் பூட்ட வேண்டுமே என்ற பயத்தில் வந்த பழக்கம். அதே படங்களை வாடிக்கையாளருக்கு அனுப்பினால் போதும். மாற்றிய பழைய பாகத்தை ஒரு சின்னக் கவரில் போட்டுத் திருப்பிக் கொடுத்தால் இன்னும் நல்லது. அறுந்த மெயின் ஸ்பிரிங்கைக் கண்ணால் பார்த்தவர் கூலிக்குப் பேரம் பேசுவது குறைவு.

பொழுதுபோக்குக்கும் தொழிலுக்கும் நடுவிலுள்ள எல்லைக்கோட்டைச் சட்டமும் கவனித்திருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், இலவசமாகச் செய்து கொடுப்பது 'சேவை' கணக்கில் வராது. நண்பனின் கடிகாரத்தைச் சும்மா பார்த்துக் கொடுத்தவர் நுகர்வோர் ஆணையத்துக்கு வெளியே இருக்கிறார். கூலி வாங்கிய நாளிலிருந்து உள்ளே வந்துவிடுகிறார். ஆனால் அடுத்தவர் பொருளைக் கையில் வாங்கியவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் பொருளைப் பார்ப்பதுபோல் அதைக் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆவது பிரிவு; இதில் இலவசம், கூலி என்ற பேதமே இல்லை. வரி விஷயம் சிறியது. சேவை மட்டும் செய்கிறவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை; மேலே போட்ட கணக்குப்படி அந்தக் கவலை யாருக்கும் சீக்கிரம் வராது.

வரப்போவது வேறொரு கவலை. கொடுத்துவிட்டுப் போனவர்கள் திரும்ப வருவதில்லை. எந்த ஊர் வாட்ச் கடையிலும் ஒரு டிராயர் நிறைய இப்படிப்பட்ட கடிகாரங்கள் இருக்கும். கூலி வராமல் பொருளைத் தரமாட்டேன் என்று வைத்துக்கொள்ள ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. பட்டை தீட்டக் கொடுத்த வைரத்தைக் கூலி தரும்வரை வைத்துக்கொள்ளும் நகைக்காரரைச் சட்டமே உதாரணமாகச் சொல்கிறது. அடுத்த உதாரணம் தையல்காரர்: தைத்ததும் தருகிறேன், காசுக்கு மூன்று மாதத் தவணை என்று ஒப்புக்கொண்டிருந்தால் கோட்டைப் பிடித்து வைக்க அவருக்கு உரிமையில்லை. "காசு அப்புறம் வாங்கிக்கிறேன்" என்று வாய் தவறிச் சொல்லும் கடைக்காரர் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார். பிடித்து வைக்கும் உரிமையும் வைத்துக்கொள்வதோடு சரி. விற்றுக் கூலியை எடுத்துக்கொள்ள 170ஆவது பிரிவு இடம் கொடுக்கவில்லை. அடகு பிடித்தவருக்கு 176ஆவது பிரிவு கொடுக்கும் விற்பனை உரிமை பழுதுபார்த்தவருக்கு இல்லை. '90 நாளில் பெற்றுக்கொள்ளாவிட்டால் கடை பொறுப்பல்ல' என்று ரசீதில் அச்சடித்துவிட்டால் கடிகாரம் தன்னுடையதாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆகாது. பாதிக் கூலியை முன்பணமாகவும், போன் நம்பரோடு வீட்டு முகவரியையும் சேர்த்து வாங்கி வைப்பதுதான் நடைமுறையில் உள்ள ஒரே பாதுகாப்பு. பழக்கமானவர்களிடம் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். முதல் வருடத்தில் கடிகாரம் கொண்டுவருகிறவர்களில் பெரும்பாலானோர் பழக்கமானவர்களாகவே இருப்பார்கள்.